குடிகள் அஞ்ச வேண்டியதில்லை

1778, விளம்பி வருடம், ஆனி 24

கோகிலம் இன்று காலை கூடலூரிலிருந்து டோலியில் வந்து சேர்ந்தாள். ஏழாம் மாதம். வளைகாப்பு போன வெள்ளிக்கிழமை அவள் புகுந்த வீட்டில் நடந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதால் இங்கே கூட்டிவந்தோம். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அந்தச் சத்தம் உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கேட்கும் என்பதற்காகத்தான் அடுக்குகிறார்களாம். டோலிக்காரர்களுக்கு வழி முழுக்கக் கேட்டிருக்கும்.

கூடலூர் ஆங்கிலக் கம்பெனியுடைய ஊர். புதுச்சேரி பிரெஞ்சு ராஜாவுடைய ஊர். நடுவே இரண்டு ஆறுகள். மாப்பிள்ளை பாடலீசன் அங்கே ஆங்கிலேயர்களுக்கு மொழிபெயர்க்கிறார். நான் இங்கே பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்க்கிறேன். இந்தச் சம்பந்தத்தால் இரண்டு ராஜாக்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள் என்று கல்யாணத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மதியம் துறைமுகத்தில் ஒரு கப்பலுக்குப் பீரங்கி மரியாதை. என் மனைவி உண்ணாமுலை அடுப்படியிலிருந்தே எண்ணிவிட்டு, "பதினொண்ணு. யாரோ நடுத்தரம்" என்றாள். எங்கள் ஊரில் பஞ்சாங்கம் பார்க்காதவன்கூடப் பீரங்கி எண்ணுவான். ராஜா பிறந்தநாள் என்றால் இருபத்தொன்று, கவர்னருக்குப் பதினைந்து, மற்றவர்களுக்கு அவரவர் யோக்கியதைப்படி.

ஆடி 5

யுத்தம் வந்துவிட்டது. எங்களுடையது அல்ல. அமெரிக்கா என்ற நாட்டினுடையது.

கவர்னரின் செயலாளர் மொசியே பெர்த்தாங் கூப்பிட்டு விவரம் சொன்னார். இந்த ஊர் மொழிபெயர்ப்பாளனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்; அப்போதுதான் எதைச் சொல்லக்கூடாது என்று தெரியும். வீட்டுக்கு வந்து உண்ணாமுலைக்கும் கோகிலத்துக்கும் விளக்கினேன். மேற்குக் கடலுக்கு அப்பால் ஆங்கிலேயர்கள் குடியேறிய பதின்மூன்று சீமைகள் இருக்கின்றன. அவர்களைக் கேட்காமலே அவர்கள்மேல் லண்டனில் வரி போட்டார்கள். காகிதத்துக்கு வரி, பிறகு தேயிலைக்கு வரி. கோபம் வந்து கப்பலில் ஏறித் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிவிட்டார்கள். இனி எங்களை நாங்களே ஆண்டுகொள்கிறோம் என்று எழுதி ஒட்டினார்கள். சண்டை மூண்டது. குடியானவர்களும் கடைக்காரர்களுமாகத் திரண்டவர்கள் முதலில் தோற்றார்கள், ஓடினார்கள், பனியில் காலுக்குச் செருப்பில்லாமல் நின்றார்கள். ஆனால் கலையவில்லை. போன வருடம் ஒரு காட்டுப் பக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பட்டாளத்தோடு வந்த ஆங்கிலச் சேனாதிபதியைச் சுற்றி வளைத்து ஆயுதத்தைக் கீழே வைக்கச் செய்துவிட்டார்கள். ஜெயிக்கிறவர்கள் போலத் தெரிந்ததும் நம் பிரெஞ்சு ராஜா அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டார்.

"தேயிலைன்னா என்னப்பா?" என்றாள் கோகிலம்.

"காய்ஞ்ச இலைம்மா. வெந்நீர்ல போட்டுக் குடிப்பாங்க."

"காய்ச்சலுக்கா?"

"இல்ல. சும்மா."

உண்ணாமுலை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "சண்டை போடறவங்களும் இங்கிலீஷ்காரங்க, எதிர்த்து நிக்கறவங்களும் இங்கிலீஷ்காரங்க. அப்ப இது பங்காளிச் சண்டை. அதுல நாம எங்க வந்தோம்?"

எந்தக் குடியும் இன்னொருவனால் ஆளப்படக்கூடாது என்பதற்காக, நம்மை ஆளும் ராஜா போராடுகிறார் என்று விளக்கினேன். அவள் ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

ஆடி 9

முதல் அறிவிப்பைத் தமிழில் எழுதினேன். வாசகம்: "கோட்டை பலமாயிருக்கிறது. தானியம் நிறைந்திருக்கிறது. குடிகள் அஞ்ச வேண்டியதில்லை." தண்டோராக்காரன் காத்தான் நான்கு தெருவிலும் முழங்கிவிட்டு மத்தியானம் வந்து நின்றான்.

"எப்படிப் போச்சு காத்தான்?"

"நல்லாப் போச்சுங்க. பாதி ஊரே போச்சு. அஞ்ச வேண்டியதில்லைன்னு சொன்னதும்தான் அஞ்சறதுக்கு ஏதோ இருக்குன்னு ஜனத்துக்குத் தெரிஞ்சுது. செட்டித் தெருவுல பத்து வண்டி கட்டிட்டாங்க."

"நீ என்ன தொனியில சொன்ன?"

"நீங்க எழுதின தொனியிலதான் ஐயா."

ஆடி 12

மொசியே பெர்த்தாங் கடுமையாக இருந்தார். ஜனங்கள் ஓடுகிறார்கள், கூலிக்கு ஆள் இல்லை, கோட்டைச் சுவர் பாதியில் நிற்கிறது. "உம் அறிவிப்பை உம் வீட்டிலாவது நம்புகிறார்களா?" என்று கேட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "நம்புவதால்தானே, எஜமானே, என் மகள் ஆங்கிலேயர் ஊரிலிருந்து பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கிறாள்" என்றேன். இருபது வருட உத்தியோகத்தில் ஒரு வெள்ளைக்காரர் என் பேச்சுக்குச் சிரித்தது இதுவே முதல் தடவை. உடனே பேனாவை என் பக்கம் தள்ளினார். அதையே எழுதச் சொன்னார்.

வாசகம்: "சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் தாண்டவராயரின் மகள் கோகிலாம்பாள், தலைப்பிரசவத்துக்குக் கூடலூரை விட்டு இவ்வூருக்கு வந்திருக்கிறாள். இதைவிடச் சாட்சி வேண்டுமோ? குடிகள் அஞ்ச வேண்டியதில்லை."

என் எழுத்தில் இதுவரை வந்ததில் இதுவே சிறந்தது என்று அப்போது நினைத்தேன்.

ஆடி 13

காத்தான் சொன்னான்: "கோகிலம்மா பேரைச் சொன்னதும் ஜனம் சிரிச்சுது ஐயா. புள்ளத்தாச்சியே இங்க வருதுன்னா நமக்கென்னன்னு ரெண்டு வண்டி திரும்பி வந்துச்சு. பக்கத்து வீட்டு எண்ணெய்க்கார அண்ணாமலை மூட்டையைப் பிரிச்சுட்டாரு."

பலித்த முதல் அறிவிப்பு.

ஆடி 14

மாப்பிள்ளையிடமிருந்து கடிதம், ஆள் மூலமாக. இரண்டு பக்கம். கோகிலத்துக்குப் படிக்கத் தெரியாது. எப்போதும் நான்தான் படித்துச் சொல்வேன். நலம், வெயில் அதிகம், உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று படித்தேன். சுருக்கிச் சொல்வதும் மொழிபெயர்ப்பில் ஒரு கலை.

கடிதத்தைப் பெட்டியில் வைத்தேன். ஆடிக் காற்று பலமாயிருக்கிறது. கையில் எழுதுகோல் நிற்கவில்லை.

ஆடி 16

உண்ணாமுலை கேட்டாள், கோகிலத்தைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று. ஆடியில் பயணம் கூடாது, வளைகாப்பு ஆனவள் ஆறு தாண்டக்கூடாது என்று சொன்னேன்.

"சாஸ்திரமெல்லாம் எப்பலேருந்து உங்களுக்கு? போன வருஷம் ராகுகாலத்துல தறிக்காரங்க வழக்குக்குப் போனீங்க."

"அது உத்தியோகம்."

"இது என்ன?"

கேள்வி தெளிவாக இல்லை.

ஆடி 25

ஆங்கிலப் படை மேற்கே செம்மண் மேட்டில் கூடாரம் போட்டிருக்கிறது. மாடியிலிருந்து பார்த்தால் துணி உலர்த்தியதுபோல வெள்ளையாகத் தெரிகிறது. அண்ணாமலை வந்து, "தாண்டவராயரே, உங்க பொண்ணு இங்கதான இருக்கு?" என்று கேட்டுவிட்டு, இருக்கிறாள் என்றதும் நிம்மதியாகப் போனார். தினமும் ஒருமுறை கேட்கிறார். கோகிலம் வாசல் பக்கம் தலைகாட்டினால் தெருவே அவளைப் பார்த்து மூச்சு விடுகிறது.

ஆடி 28

பிற்பகல் கடலில் பீரங்கிச் சத்தம். எல்லோரும் மாடிக்கு ஏறினோம். எதிர்வீட்டு மாடியிலும் அண்ணாமலை வீட்டு மாடியிலும் கூட்டம். எல்லோரும் விரல் விட்டு எண்ணினார்கள்.

"ஒம்பது. பதினொண்ணு... பதினஞ்சு. கவர்னர் ஊர்லதான இருக்காரு?"

"பதினேழு. இருபத்தொண்ணு. ராஜாவே வந்துட்டாரா?"

"இருபத்தஞ்சு. ராஜாவுக்கு மேல யாருங்க?"

முப்பதுக்குப் பிறகு யாரும் சத்தமாக எண்ணவில்லை. அண்ணாமலை மட்டும் விரல்களை மடக்கிக்கொண்டே இருந்தார். இரு பக்கக் கப்பல்களும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன என்று சாயங்காலம் தெரிந்தது. மரியாதை யாருக்கு என்று கேட்டுக்கொண்டு நின்ற ஊர் உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

ஆவணி 9

ஊரைச் சுற்றியிருந்த முள்வேலியை ஆங்கிலேயர்கள் பிடித்துவிட்டார்கள். கோட்டைக் கதவுகள் சாத்தியாயிற்று. இனி யாரும் போக முடியாது.

ஆகையால் இப்போது எழுதலாம். மாப்பிள்ளை கடிதத்தில் இருந்தது இதுதான்: "மாமா அவர்களுக்கு. சென்னையிலிருந்து பெரும்படை புறப்படுகிறது. இன்னும் பத்து நாளில் உங்கள் ஊரைச் சூழ்வார்கள். நான் மொழிபெயர்த்த கட்டளையிலேயே பார்த்தேன். இதைச் சொன்னது தெரிந்தால் என் தலை போகும். கோகிலத்தை உடனே அனுப்பிவிடுங்கள். அரியாங்குப்பம் துறையில் என் ஆட்கள் டோலியோடு நான்கு நாள் காத்திருப்பார்கள்."

நான்கு நாள் காத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் திரும்பிப் போயிருப்பார்கள்.

அனுப்பியிருந்தால் மொசியே பெர்த்தாங் என்னை என்ன செய்திருப்பார் என்று தெரியாது. அவர் அப்படியொன்றும் சொல்லவில்லை. எனக்குப் பயமில்லை. சாட்சியே ஊரைவிட்டுப் போனால் ஊர் என்ன ஆகும் என்ற பொறுப்புணர்ச்சிதான்.

மேலேயுள்ள வரியைப் படித்துப் பார்த்தேன். நல்ல அறிவிப்பு வாசகம்.

ஆவணி 22

அரிசி இருக்கிறது. புளி இருக்கிறது. கோகிலத்துக்கு மாங்காய் வேண்டுமாம். தோட்டமெல்லாம் வேலிக்கு வெளியே, ஆங்கிலேயர் கையில். அமெரிக்கச் சேதி ஏதாவது உண்டா என்று மொசியே பெர்த்தாங்கிடம் கேட்டேன். அவர்கள் சுதந்திரத்துக்காக இன்னும் போராடுகிறார்கள் என்றார். எனக்கு ஒரு மாங்காய் போதும்.

புரட்டாசி 6

இன்று காலை எல்லாப் பக்கத்திலிருந்தும் சுட ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் எண்ணவில்லை.

புரட்டாசி 8

நெல் அறைக்குக் குடிவந்துவிட்டோம். அதற்கு மட்டும்தான் தடித்த சுவர். நடுவில் தண்ணீர் அண்டா. வெளியே வெடித்ததும் தண்ணீரில் வட்டம் எழுகிறது. பக்கத்தில் விழுந்தால் விளிம்பு தாண்டிச் சிந்துகிறது. உண்ணாமுலை அண்டாவைப் பார்த்தே சொல்கிறாள்: "இது செட்டித் தெரு. இது கோட்டைப் பக்கம்." கோகிலம் இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு வெடிக்கும் வளையல் கிலுங்குகிறது. பிள்ளைக்கு இப்போது எது கேட்குமோ தெரியவில்லை.

கூடாரத்துக்கும் எங்களுக்கும் நடுவே முக்கால் நாழிகை நடை. ஆங்கிலச் சேனாதிபதிக்கு மொழிபெயர்க்க மாப்பிள்ளையைக் கூட்டிவந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் பெண்டாட்டி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

புரட்டாசி 13

அண்ணாமலை வீட்டில் குண்டு விழுந்தது. அவரும் அவர் தாயாரும் போய்விட்டார்கள்.

நேற்றுகூடக் கேட்டார், உங்கள் பெண் இங்கேதானே இருக்கிறாள் என்று.

புரட்டாசி 15

செயலாளரிடமிருந்து ஆள் வந்தது: புது அறிவிப்பு வேண்டுமாம். "குடிகள் அஞ்ச வேண்டியதில்லை" என்று எழுதி அனுப்பினேன். காத்தான் அதைக் கையில் வாங்கி, யாரிடம் படிப்பது என்று கேட்டான். தெருவில் நாய்கூட இல்லை என்றான். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று எனக்கே படித்துக் காட்டச் சொன்னேன். பறையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு முழுவதும் படித்தான்.

"எப்படி இருக்குங்க?" என்றான்.

"தொனி சரியில்ல" என்றேன்.

அவனும் இன்றிரவு எங்களோடு நெல் அறையில் தங்கிக்கொண்டான்.

புரட்டாசி 19

பெண் குழந்தை. காலை பத்து நாழிகைக்கு. கோகிலம் பிழைத்தாள்.

மருத்துவச்சி வர முடியவில்லை, உண்ணாமுலையே பார்த்தாள். நானும் காத்தானும் வெளிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம், கதவு பறந்துவிடும் என்பதுபோல. அந்த நேரத்தில்தான் கோட்டையின் தென்மேற்கு மூலையை விடாமல் அடித்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் ஓட்டுத் தூள் கொட்டியது. கோகிலம் கத்தியது வெடிச் சத்தத்துக்கு நடுவே கேட்டது. நடுவே கேட்காதபோது இன்னும் பயமாயிருந்தது. எந்தச் சாமியிடம் வேண்டிக்கொண்டேன் என்று ஞாபகமில்லை. எல்லாரிடமும் ஒரே வாசகத்தைத்தான் சொன்னேன்: என் வாயால் வந்தது என்னோடு போகட்டும்.

குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அப்போது மிக அருகில் ஒன்று விழுந்தது. அண்டாத் தண்ணீர் பாதி கொட்டிவிட்டது. காத்தான் குப்புறப் படுத்தான். நான் குழந்தையைக் கீழே போட்டுவிடப் பார்த்தேன். அவள் கொட்டாவி விட்டாள்.

புரட்டாசி 24

என்ன தைரியம் இந்தப் பெண்ணுக்கு. நாள் முழுக்க வெடிக்கிறது. அவள் பாட்டுக்குத் தூங்குகிறாள். பசித்தால் அழுகிறாள், பீரங்கிக்கு அழுவதில்லை. "பெரியநாயகின்னு பேர் வைக்கணும். பீரங்கிக்கே அசரல பாரு" என்கிறாள் உண்ணாமுலை. காத்தான் தன் பறையைக் காதருகே தட்டிப் பார்த்தான். கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "தளபதிங்க" என்றான்.

தைரியத்தில் தாத்தாவைக் கொண்டு பிறக்கவில்லை என்று மட்டும் தெரிகிறது.

ஐப்பசி 5

ஊரை ஒப்படைத்துவிட்டார்கள். காலையிலிருந்து சத்தமில்லை. நெல் அறையைவிட்டு வெளியே வந்தோம். மாடியில் பாதி இல்லை. பிரெஞ்சுச் சிப்பாய்கள் மேளம் கொட்டிக்கொண்டு, கொடியை ஏந்திக்கொண்டு மரியாதையோடு வெளியேறினார்கள். தோற்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. குடிகள் எப்படி வெளியேறவேண்டும் என்பதற்கு முறை எதுவும் எழுதியிருக்கவில்லை.

நாயகி தூங்கினாள். சத்தம் நின்றதும் எங்களில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. அவளுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

ஐப்பசி 6

மாப்பிள்ளை வந்தார். நான் நினைத்தது சரி. எழுபது நாளும் அந்த மேட்டில்தான் இருந்திருக்கிறார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. குழந்தையை வாங்கி விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். உண்ணாமுலை பரிமாறினாள். கோகிலம் தூண் ஓரமாக நின்றாள்.

"மாமா, ஆடியில ஒரு கடுதாசி அனுப்பியிருந்தேன். வந்து சேரலையா?"

எனக்கு நான்கு மொழி தெரியும். நான்கிலும் வாய் வரவில்லை.

கோகிலம் சொன்னாள்: "வந்துச்சு. அப்பா படிச்சுச் சொன்னாங்க. உடனே கிளம்புன்னுதான் சொன்னாங்க. நான்தான் ஆத்தைத் தாண்ட பயமா இருக்குன்னு மாட்டேன்னுட்டேன்."

மாப்பிள்ளை அவளையே பார்த்தார். "டோலி நாலு நாள் நின்னுது."

"தெரியும்" என்றாள்.

உண்ணாமுலை ரசம் ஊற்றும்போது என் கையிலும் ஊற்றிவிட்டாள். தவறுதலாக என்றுதான் நினைக்கிறேன்.

ஐப்பசி 7

மாப்பிள்ளை ஊரைப் பார்க்கப் போயிருந்தபோது கோகிலத்திடம் கேட்டேன்.

"அன்னைக்கே தெரியுமாம்மா?"

"ரெண்டு பக்கக் கடுதாசிப்பா. நீங்க எச்சில் முழுங்கறதுக்குள்ள படிச்சு முடிச்சிட்டீங்க."

"ஏன் கேக்கல?"

"உங்க கை நடுங்கிச்சு. கேட்டா இன்னும் நடுங்குமேன்னு."

வளையல்களைக் கழற்றி ஒரு சீலைத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். பாதி உடைந்திருந்தன.

தை 3

கோகிலம் கிலுகிலுப்பை கேட்டாள். வாங்கிக்கொடுத்தேன்.

தை 6

இன்னொரு கிலுகிலுப்பை கேட்டாள். பெரிதாக, சத்தம் கூடுதலாக. வாங்கிக்கொடுத்தேன்.

தை 11

உண்ணாமுலை குழந்தையின் தலைக்குப் பின்னால் நின்று வெண்கலத் தட்டைக் கரண்டியால் அடித்தாள். மூன்று முறை. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தை 15

நாட்டு வைத்தியர், வெடிச் சத்தத்தில் பச்சைக் காது செத்துவிட்டது என்கிறார். பிரெஞ்சு வைத்தியர், பிறவியிலேயே இப்படித்தான், பீரங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார். பிரெஞ்சு வைத்தியத்தில் எனக்கு ஒருபோதும் நம்பிக்கை இருந்ததில்லை. இன்று அவரிடம் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

மாசி 2

கோகிலமும் குழந்தையும் கூடலூருக்குப் போனார்கள். மாப்பிள்ளை என்னிடம் போய்வருகிறேன் என்று முறையாகச் சொன்னார். கோட்டையை இடிக்க உத்தரவாகியிருக்கிறது. ஆங்கில உத்தரவுக்கும் தமிழ் எழுத என்னையே வைத்துக்கொண்டார்கள். கடைசி வரியைச் சேர்க்க அவர்கள் சொல்லவில்லை. பழக்கத்தில் நானே எழுதிவிட்டேன்.

1782, சுபகிருது வருடம், வைகாசி 9

அமெரிக்காவில் ஒரு கடற்கரை ஊரில் ஆங்கிலேயரின் பெரிய படையை, கரையில் குடியேற்றக்காரர்களும் கடலில் பிரெஞ்சுக் கப்பல்களுமாக அடைத்துப் பிடித்துவிட்டார்களாம். அனேகமாக ஜெயித்துவிட்டார்கள். இங்கே அதைத் தொடர்ந்து பிரெஞ்சுக்காரர்கள் கூடலூரைப் பிடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை இப்போது பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்க்கிறார், நான் ஆங்கிலேயர்களுக்கு. எஜமானர்களை மாற்றிக்கொண்டோமே தவிர வாசகத்தை மாற்றவில்லை.

1783, சோபகிருது வருடம், வைகாசி 18

மாப்பிள்ளையிடமிருந்து கடிதம். ஆங்கிலப் படை கூடலூரைச் சூழ வருகிறது, கோகிலத்தையும் குழந்தையையும் உங்களிடம் அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

உண்ணாமுலையை எதிரே உட்காரவைத்து முழுவதும் படித்தேன். நலம் விசாரித்த வரிகளைக்கூட விடவில்லை. பதில் எழுதி, ஆளை உட்காரவிடாமல் ஓட்டினேன். இடிந்து கிடக்கும் ஊரை யாரும் முற்றுகை இடமாட்டார்கள். அதுதான் இப்போது எங்கள் பலம்.

வைகாசி 21

வந்துவிட்டார்கள். ஆறு தாண்டும்போது நாயகி டோலியிலிருந்து தண்ணீரில் கைவிட்டுக்கொண்டே வந்தாளாம்.

ஆனி 24

கூடலூரில் சண்டை நின்றது. வெள்ளைக்கொடி கட்டிய கப்பல் வந்து, சீமையில் சமாதானம் ஆகி ஐந்து மாதமாகிறது என்று சொன்னதாம். பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போன பிறகு, இங்கே ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் சண்டையை அவர்களுக்காக முடித்துக்கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை உயிரோடிருக்கிறார். தோளில் காயம்.

1785, குரோதி வருடம், தை 25

ஊரைப் பிரெஞ்சு ராஜாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சமாதான உடன்படிக்கையில் அப்படி எழுதியிருக்கிறதாம். கோகிலம் பொங்கலுக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள், மகளோடு. நாயகிக்கு ஆறு வயது.

புதுச் செயலாளர் நேற்று என்னைக் கூப்பிட்டு அறிவிப்புக் கொடுத்தார். தமிழில் எழுதினேன்: "அமெரிக்கச் சீமைகளின் குடிகள் எட்டு வருடம் போராடி, தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் உரிமையை வென்றார்கள். பிரான்சு ராஜா அவர்களுக்குத் துணை நின்றார். அதன் பயனாக இவ்வூர் மீண்டும் பிரான்சு ராஜாவின் ஆளுகைக்கு வந்திருக்கிறது." காத்தான் வாங்கிக்கொண்டு போனான். தலை நரைத்துவிட்டது அவனுக்கு. வாசலில் நின்று எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கடைசி வரியைக் காணோமே ஐயா."

"எழுதல."

"நல்லதுதாங்க. ஜனம் ஊர்ல இருக்கும்."

இன்று காலை கொடி ஏற்றினார்கள். கடற்கரைக்குப் போகலாம் என்றாள் உண்ணாமுலை. எனக்குக் கால் வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். நாயகியும் என்னோடு இருந்தாள். முற்றத்தில் வாயகன்ற செப்புப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, வாதநாராயணன் மரத்து இலையைக் கப்பலாக விட்டுக்கொண்டிருந்தாள். முதுகு கோட்டைப் பக்கம்.

முதல் பீரங்கி வெடித்தது. மரியாதைதான் என்று தெரியும். நானே எழுதிக் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. இருந்தும் தூணைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் குழந்தைகள் வீறிட்டுத் தாயிடம் ஓடியது கேட்டது. நாயகி திரும்பவில்லை. எண்ணப் பார்த்தேன். நான்கு, ஐந்து. ஏழோ எட்டோ ஆனபோது நெல் அறையும் அண்டாவும் அண்ணாமலை மடக்கிய விரல்களும் நினைவுக்கு வந்து எண்ணிக்கை தவறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

நின்றதும் கண்ணைத் திறந்தேன். நாயகி பாத்திரத்தின் விளிம்பில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, தண்ணீரையே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசி வட்டம் விளிம்பைத் தொட்டு அடங்கியது. பிறகு எழுந்து என் எதிரே வந்தாள். பத்து விரலைக் காட்டினாள். மடக்கினாள். மறுபடி பத்து. மடக்கினாள். பிறகு ஒரே ஒரு விரல்.

சரியாக எண்ணியிருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

நான் தலையசைத்தேன். அவள் திருப்தியடையவில்லை. வாசலைக் காட்டி, கையை விரித்து, புருவத்தை உயர்த்தினாள். இந்த வீட்டில் இதைக் கேட்காதவர்கள் கிடையாது: யார் வந்திருக்கிறார்கள்?

நான்கு மொழியில் உத்தியோகம் பார்த்தவன் நான். என் மொழிபெயர்ப்பு தவறு என்று எந்தச் சர்க்கார் கச்சேரியிலும் யாரும் சொன்னதில்லை. தேயிலையை எப்படிக் காட்டுவது, பதின்மூன்று சீமைகளை எப்படிக் காட்டுவது, தன்னைத் தானே ஆண்டுகொள்வதற்கு என்ன சைகை என்று யோசித்தேன். அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கை நடுங்கியது. அவள் எட்டி அவற்றைப் பிடித்துக்கொண்டாள், பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்ததுபோல, எத்தனை என்று எண்ணுகிறவளைப்போல.